வெள்ளைச் சோறும் தோப்புக்கரணமும்

என் கால்களைப் பற்றி அந்தக் காலத்தில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மலாயாவில் தங்காக் தபாலாபீஸில் நான் தபால்காரன். காலையில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் நான்கு ரப்பர் தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம் இரண்டு, ஒரு சீனர் மரக்கிடங்கு எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, வெயில் சாய்வதற்குள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பேன். சைக்கிள் ஒன்றுக்கு எழுதிப்போடட்டுமா என்று போஸ்ட் மாஸ்டர் ஒரு தடவை கேட்டார். "எதுக்குங்க ஐயா? அது பஞ்சராகும். நான் ஆக மாட்டேன்" என்றேன். அப்படிச் சொன்ன வாயில் அப்புறம் எத்தனை தடவை போட்டுக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

முதல் பெரிய சண்டை முடிந்து, அதற்குப் பின்னால் வந்த அரிசித் தட்டுப்பாடும் தீர்ந்திருந்த சமயம் அது. என் அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். நான் பிறந்தது லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, விலாசம் வாசிக்கும் அளவுக்கு இங்கிலீஷ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, காக்கிச் சட்டைக்கு வந்து சேர்ந்தேன். சட்டை கிடைத்த அன்றே ஒரு முடிவு எடுத்தேன். இனி தோட்டத்து அரிசி என் வாயில் படக்கூடாது.

அது என்ன அப்படி ஒரு கோபம் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் எங்களுக்கு அளந்தது ரங்கூன் புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி. பழுப்பாக இருக்கும், வேகும்போது ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை பிறந்ததிலிருந்து என் சட்டையில், என் பாயில், என் தலைமுடியில் இருந்தது. டவுனில் கிராணிமார் என்கிற குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சாப்பிட்டது சயாம் வெள்ளை அரிசி. மில்லில் தீட்டித் தீட்டிப் பளபளவென்று வரும். சோறு மல்லிகைப்பூ நிறத்தில் இருக்கும். அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறவன்தான் மனிதன் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. பருப்பையும் விட்டேன், அதுவும் தோட்டத்தில் அளப்பது என்பதால். வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், பொரித்த ஒரு துண்டு மீன். மூன்று வேளையும் அதுதான், பெரிய கவர்னர் மாதிரி.

கல்யாணமான முதல் மாதம் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்தேன் என்று வேண்டாம். என் மனைவியும் தோட்டத்துப் பெண்தான். ஒருநாள் தன் அம்மா கொடுத்தனுப்பிய புழுங்கலரிசியை ஆசையாகப் பொங்கி, மேலே பருப்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் தட்டை எடுத்து வீசினேன். தட்டு சுவரில் பட்டு உருண்டது. "கூலிச் சோறு எனக்கெதுக்குடி? நான் கவர்மெண்டு ஆளு" என்று கத்தினேன். அவள் உட்கார்ந்து சோற்றைப் பொறுக்கினாள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை, பசிதான் வந்தது.

இரண்டு வருஷம் போனது. முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நடக்கிற ஆளுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டேன். பிறகு கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போனது. மனைவி எண்ணெய் தேய்க்க வந்தாலே, "தொடாதே, தொடாதே!" என்று அலறுவேன். பிறகு ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நூறடி தாண்டி, பின்னால் வந்த சீனர் ஒருவர் எடுத்துவந்து கொடுத்தார். கால் விரல்கள் மேலே தூக்க மறுத்தன, தரையை இழுத்துக்கொண்டே வந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரன் காலில் கோளாறு என்று சொல்வது, சமையற்காரன் நாக்கில் ருசி இல்லை என்று சொல்வது மாதிரி.

அப்புறம் அந்த நாள் வந்தது. மூன்றாவது தோட்டத்துச் செம்மண் பாதையில் பை சரிந்து கடிதங்கள் சிதறின. குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்து எழுந்திருக்கப் பார்த்தால், முடியவில்லை. மறுபடியும் தம் பிடித்தேன். முடியவில்லை. கையை ஊன்றினேன், பின்பக்கம் சாய்ந்து விழுந்தேன், கடிதங்கள் திரும்பவும் சிதறின. மழை வேறு தூற ஆரம்பித்தது. இருபத்துநாலு வயது ஆம்பிளை, கவர்மெண்டு சட்டையோடு, நடுப்பாதையில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மலாய்க்கார மாட்டுவண்டிக்காரர் வந்தார். "அலமாக்!" என்று பதறிக் குதித்து இறங்கி, முதலில் கடிதங்களைப் பொறுக்கி என் பையில் போட்டுவிட்டு, பிறகு என்னைத் தூக்கி வண்டியில் போட்டார். அவர் கடிதத்தை முதலில் பொறுக்கியதை நான் மறக்கவே இல்லை. ஒன்றுகூடத் தொலையவில்லை. நாலைந்தில் சேறு பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது டாக்டருக்குக் கீழே வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர், ஒரு யாழ்ப்பாணத்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, சிரிக்கவே சிரிக்காத முகம். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கெண்டைக்காலை அமுக்கினார், நான் கத்தினேன்.

"இதிலை குந்தும் பாப்பம்" என்றார்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

"இப்ப கை ஊண்டாமல் எழும்பும்."

"முடியலீங்க ஐயா."

"பெரிபெரி" என்று சீட்டில் எழுதிக்கொண்டே, "வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள்?" என்றார்.

"நானும் என் சம்சாரமும்ங்க."

கட்டிலோரம் நின்ற என் மனைவியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். அவள் நன்றாகத்தான் இருந்தாள், கன்னமெல்லாம் பளபளவென்று. அவளையும் குந்தச் சொன்னார். குந்தினாள், புடவையைச் சரிசெய்துகொண்டே எழுந்தாள்.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. உமக்கு மட்டும் ஒண்டுமில்லையோ? நீர் என்ன சாப்பிடுறனீர்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒரே அடுப்புதாங்க ஐயா. ஆனா ரெண்டு பானை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன ரெண்டு பானை?"

"உங்களுக்கு வெள்ளைச் சோறு. நீங்க வேலைக்குக் கெளம்பின பெறகு எனக்குத் தோட்டத்துச் சோறும் பருப்பும். எங்கம்மா மாசாமாசம் அரிசி குடுத்து விடுவாங்க. எனக்கு வெள்ளைச் சோறு எறங்க மாட்டேங்குது."

இரண்டு வருஷம்! ஒரே வீட்டில் இரண்டு பானை கொதித்திருக்கிறது, ஒன்றைக்கூட நான் கவனித்ததில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் பாயில் சாய்கிற ஆளுக்கு அடுப்படியில் என்ன தெரியும்?

டிரெஸ்ஸர் பேனாவைக் கீழே வைத்தார். "உம்மடை மனுசியின்ரை பானைக்குள்ளை மருந்து கிடந்திருக்கு. நீர் அதை விட்டிட்டு நஞ்சைத் திண்டிருக்கிறீர். அரிசியைத் தீட்டேக்கை சத்தெல்லாம் தவிட்டோடை போயிடும். அவிச்சுக் குத்தினால் உள்ளுக்கை இறங்கி நிக்கும். எங்கடை ஊரிலையும் புழுங்கல்தான்."

நான் நம்பவில்லை. அரிசியால் கால் விழுமா? வார்டில் திரும்பிப் பார்த்தேன். என்னைப் போலவே கால் துவண்டவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் சீனரும் மலாய்க்காரரும். தமிழன் நான் ஒருவன்தான். "உங்கடை தோட்டத்து ஆக்களுக்கு இந்த வருத்தம் வாறதில்லை" என்றார் டிரெஸ்ஸர். அதாவது, நான் தோட்டத்தை விட்டு உயர்ந்துவிட்டேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வியாதிதான்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் வந்தார். அவர் இங்கிலீஷில் சொல்ல, டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார். மூன்று மாதம் லீவு. மூன்று மாதம் முடிந்து பெரிய டாக்டர் திரும்பவும் பார்ப்பார். கையைத் தரையிலோ முழங்காலிலோ ஊன்றாமல் பத்துத் தடவை குந்தி எழுந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி முற்றத்தை இரண்டு சுற்று நடக்க வேண்டும். முடிந்தால் பை என் தோளில். முடியாவிட்டால் வேலையிலிருந்து நீக்கிச் சீட்டு.

நீக்கினால் எங்கே போவேன்? லயத்துக்குத்தான். எந்தச் சோற்றைக் கூலிச் சோறு என்று சுவரில் அடித்தேனோ, அதே சோற்றை என் மாமியார் எனக்குப் போடுவாள். "கவர்மெண்டு மாப்பிள்ளை வந்துட்டாருடி" என்று சொல்லிக்கொண்டே போடுவாள். அந்தக் குரல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எனக்குக் கேட்டது. அதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. பிறகு யோசித்தேன், சாவதைவிட எழுந்து நிற்பது சுலபமாகத்தான் இருக்கும்.

முதல் சில வாரம் அசையவே விடவில்லை. நெஞ்சுப் படபடப்பும் கால் வீக்கமும் அடங்குகிற வரைக்கும் படுக்கைதான். புழுங்கல் சோறு, பருப்பு, பச்சைப் பயறு, கொஞ்சம் தவிடு கலந்த கஞ்சி. மனைவி தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். முதல் நாள் அந்த வாடை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பினேன். அவள், "வீசறதுன்னா சொல்லுங்க, தள்ளி நின்னுக்கிறேன்" என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

வீங்கியது வடிந்து நெஞ்சு அடங்கிய பிறகு டிரெஸ்ஸர் வேலையை ஆரம்பித்தார். அடேயப்பா, அந்த மனிதர் கூலிகளை வேலை வாங்கும் கங்காணியாகப் போயிருந்தால் தோட்டமே இரட்டிப்புப் பால் கொடுத்திருக்கும். முதலில், படுத்தபடியே கால் விரல்களை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். விரல் வராது. ஒரு துணிப்பட்டையைப் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொன்னார். "கை இழுக்கட்டும். ஆனால் காலும் இழுக்குது எண்டு நினைச்சுக்கொண்டு இழும்" என்றார். பைத்தியக்கார வைத்தியம் என்று நினைத்தேன். பத்தாம் நாள் பெருவிரல் தானாகக் கொஞ்சம் அசைந்தது. "ஏய், இங்க பாரு! இங்க பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு அவரும் என் பெருவிரலைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிரெஸ்ஸர் ஒன்று சொன்னார். இப்போதும் முட்டி வலி, முதுகு வலி என்று யார் என்னிடம் வந்தாலும் நான் அதைத்தான் சொல்கிறேன். "நோகும். செய்யேக்கை நொந்து, அடுத்த நாள் விடிய இல்லாமல் போனால் அது நல்ல நோ. விடிஞ்சும் நிண்டால் நீர் கூடச் செய்துபோட்டீர், பாதியாய்க் குறைச்சுச் செய்யும். ஆனால் நிப்பாட்டப்படாது."

வீட்டில் குந்திப் பழக என்ன வழி? என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மண்ணெண்ணெய் டின்கள் வருகிற மரப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. செங்குத்தாக நிறுத்தினால் நாற்காலி உயரம். பக்கவாட்டில் சாய்த்தால் அதைவிடத் தாழ்வு. மட்டமாகப் படுக்கவைத்தால் மணையைவிடக் கொஞ்சம் உயரம். ஒரே பெட்டியில் மூன்று படி. முதலில் உயரப் பெட்டியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே எண்ணுவாள்.

"ஏழு... எட்டு... இல்ல, அது எட்டு இல்ல. கையை ஊனினீங்க."

"ஊனலடி!"

"தொடையில விரலு பட்டுச்சு. எட்டு திரும்பிப் போடுங்க."

இப்படி ஒரு மாதம். உயரப் பெட்டி, பிறகு சாய்த்த பெட்டி. இடையில் வாசலில் மூங்கில் கழிகளை ஒவ்வோர் அடி தள்ளிப் படுக்கப்போட்டு, ஒவ்வொன்றையும் பாதத்தைத் தூக்கித் தாண்டி நடந்தேன். ஆரம்பத்தில் எல்லாக் கழியும் உருளும். பிறகு ஒன்றிரண்டு உருளும். கால் திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் என் பழைய திமிரும் கூடவே திரும்பி வந்தது. ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது பெட்டியை மட்டமாகப் படுக்கவைத்து ஐம்பது போட்டேன். மறுநாள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் கட்டை. ஒரு வாரம் வீண். அவள் அழவில்லை, திட்டினாள். "எல்லாத்துலயும் ஒசரப் போயிரணும் ஒங்களுக்கு! சோத்துலயும் ஒசரம், பொட்டியிலயும் அவசரம்! பத்துன்னா பத்துப் போட்டா கவர்மெண்டு கொறைஞ்சா போயிரும்?"  

மட்டப் பெட்டியும் கைவந்தது. பெட்டியே இல்லாமல் குந்தினால் மட்டும் அடியில் மாட்டிக்கொள்வேன். பின்பக்கம் சாயும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் துழாவுவேன். மூன்று வாரம்தான் பாக்கி.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடறப்போ யாராச்சும் பின்னால விழுறாங்களா?" என்றாள்.

"அதுக்கென்ன?"

"கையைக் குறுக்க மாத்திக் காதைப் பிடிச்சா ஒடம்பு தானா முன்னால வருதுல்ல. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். காதைப் பிடித்துக் குந்தினேன். அடியில் ஒரு நொடி மாட்டியது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ தூக்கிவிட்டது போல எழுந்தேன்! அவளைப் பார்த்தேன். அவள் வெங்காயக் கத்தியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டு மண்தரை மேடு பள்ளம். சமதரை வேண்டும் என்றால் சந்தைத் தெரு அரசமரத்தடிப் பிள்ளையார் முன்னால்தான், அங்கே சிமெண்டு போட்டிருந்தார்கள். "நடுத்தெருவுல குந்திக் குந்தி எந்திரிச்சா கிறுக்குப் பிடிச்சிருச்சும்பாங்க. பிள்ளையார் முன்னால போட்டா பக்தின்னு விட்டுருவாங்க" என்றாள் அவள். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. தினமும் காலையில் போய்ப் போட்டேன். நான்கு, ஆறு, ஏழு என்று ஏறியது.

ஜனங்கள் பக்தி என்று விடவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? தோப்புக்கரணம் என்றால் தப்புச் செய்தவன் போடுவது. லீவில் இருக்கிற தபால்காரன் தினம் வந்து போடுகிறான் என்றால் என்ன தப்புச் செய்திருப்பான்? செம்மண் பாதையில் கடிதம் சிதறிக் கிடந்த கதையும் அதற்குள் நாலு தோட்டமும் சுற்றிவிட்டது. ஒரு சந்தை நாளில் நான் ஆறாவது தடவை குந்தியபோது தோட்டத்து அம்மா ஒருவர் என் முன்னால் வந்து நின்றார்.

"எந்தங்கச்சி கடுதாசி நாலு மாசமா வரலை. எங்கய்யா போட்ட? ஆத்துலயா?"

"ஐயோ, நான் ஒண்ணும் போடலம்மா."

"அப்ப எதுக்கு இந்தக் கரணம்?"

நான் குந்தியபடியே அண்ணாந்து பார்த்தேன். சோற்றில் பெருமை பார்த்துக் காலைத் தொலைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு வேண்டுதல்" என்று முணுமுணுத்தேன். அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளே போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். நாகப்பட்டணம் பக்கத்து மனிதர், நல்லவர், ஆனால் கடித விஷயத்தில் நெருப்பு. மேஜைமேல் என்மேல் வந்த புகார் மனு இரண்டு கிடந்தது.

"கடுதாசி தொலைச்சிருந்தா இப்பவே சொல்லிரு. நான் மேல எழுதியாகணும். அப்புறம் டாக்டர் பரீட்சையெல்லாம் ஒனக்குத் தேவைப்படாது."

அங்கேதான் நான் நன்றாக மாட்டினேன். திருடன் என்று பெயர் வாங்குவதா, முட்டாள் என்று பெயர் வாங்குவதா? ஒரு நிமிஷம் முழுக்க யோசித்தேன் என்பதுதான் கேவலம். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைச் சோறு, இரண்டு பானை, மண்ணெண்ணெய்ப் பெட்டி, எல்லாம். மாட்டுவண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவர்தான் ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொடுத்தார் என்றேன். போஸ்ட் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த ரங்கூன் அரிசி எந்தக் கடையில கெடைக்குது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அடுத்த சந்தை நாளில் பிள்ளையார் முன்னால் கூட்டம் கூடுகிற வரைக்கும் காத்திருந்தேன். காதைப் பிடித்துக்கொண்டே திரும்பி நின்று சொன்னேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஒரு கடுதாசியும் தொலைக்கல. சோத்தத்தான் தொலைச்சேன். தோட்டத்துச் சோறு மட்டம்னு வெள்ளைச் சோறா தின்னு காலு போச்சு. இப்ப டாக்டர் குந்தச் சொன்னார், குந்துறேன். போதுமா?" ஒரே சிரிப்பு. முதலில் சிரித்தது கடிதம் கேட்டு வந்த அதே அம்மாதான். "அடப் பாவி மனுசா, இதைச் சொல்றதுக்கா இம்புட்டு வெக்கம்?" என்று சொல்லிவிட்டு, சந்தையில் வாங்கிய பயற்றில் ஒரு கை அள்ளி என் துண்டில் போட்டார். அவருடைய தங்கையின் கடிதம் அடுத்த வாரம் வந்தது, மருந்துக்குக்கூடச் சேறு இல்லாமல். அன்றைக்கு முதல்தடவையாக ஒன்பது போட்டேன்.

டாக்டர் பார்க்கிற நாள் வந்தது. முற்றத்தை இரண்டு சுற்று நடந்தேன். வலது கால் விரல் ஒரே ஒரு தடவை கல்லில் தட்டியது. அந்த விரல்களில் மதமதப்பு இன்றுவரை முழுக்கப் போகவில்லை. அதனால்தான் இன்றைக்கும் தினம் பத்துப் போடுகிறேன், போடாத வாரத்தில் படி ஏறும்போது கால் சொல்லிக் காட்டும். வராந்தாவில் பெரிய டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், டிரெஸ்ஸர் பக்கத்தில் நின்றார். என் மனைவி தூக்குச்சட்டியோடு தள்ளி ஒரு தூணோரம் நின்றாள்.

டாக்டர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக் காட்டினார். அப்படித்தான் குந்த வேண்டுமாம். வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் உடம்பு பின்னால் போயிற்று. கீழே மாட்டிக்கொண்டேன்.  தம் பிடித்தேன், வரவில்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துத்தான் எழுந்தேன். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ஐயா! நான் பழகின மாதிரி போடட்டுமான்னு கேளுங்க, ஐயா! ஒரே ஒரு தடவை!" என்று டிரெஸ்ஸரிடம் கெஞ்சினேன்.

அவர் கேட்டார். டாக்டர் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார். "கை நிலத்திலையும் முழங்காலிலையும் படாட்டில் சரியாம். முதலிலை இருந்து போடும்" என்றார் டிரெஸ்ஸர்.

கையைக் குறுக்கே மாற்றிக் காதைப் பிடித்தேன். தோப்புக்கரணம் போட எதிரே ஒன்றைப் பார்த்துக்கொண்டு போட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் காணும். பிள்ளையார் அங்கே இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துப் போட எனக்கு இஷ்டமில்லை, அவருக்கு நான் ஒரு தப்பும் செய்யவில்லை. தூணோரம் நின்றவளைப் பார்த்துத் திரும்பினேன்.

ஒன்று போட்டேன். என்ன இது, இந்தப் பக்கம் பார்த்துப் போடுகிறார் என்பது போல் அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டு. மூன்று. நான்காவது தடவை அடியில் மாட்டியபோது நான் அவள் கண்ணை விடவில்லை. எழுந்தேன். அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து, ஆறு, ஏழு. டாக்டர் இங்கிலீஷில் எண்ணுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது. எட்டில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் இல்லை, அதை நான் நன்றாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது. பத்து.

டாக்டர் போதும் என்று கையைக் காட்டினார். எனக்குப் போதவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. வராந்தாவில் இருந்த நோயாளிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பதின்மூன்று. பதினாலு. கால் நெருப்பாக எரிந்தது. பதினைந்தும் போட்டு எழுந்து, அப்புறமும் காதை விடாமல் நின்றேன்.

"தட்டு ஒண்ணுதானே வீசினீங்க?" என்றாள் அவள்.  "பதினஞ்சு எதுக்கு?"

அந்தத் தட்டைப் பற்றி அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டிருப்பார் போல. டிரெஸ்ஸர் மொழிபெயர்க்கவில்லை, சீட்டை மட்டும் கையெழுத்துக்கு நீட்டினார். கையெழுத்தானதும் அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் எனக்கும் அடிப்பாத்திரத்தில் தனக்குமாகச் சோற்றைப் பங்கு போட்டாள். வராந்தாப் படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பானைதான்.